கிட்டத்தட்ட ஒன்றுமில்லை

இந்த வாரம் உங்களுக்கு 21 நிமிடம் ஓடும் ஓர் இசைத்தட்டைச் சிபாரிசு செய்யப் போகிறேன். பாட்டு கிடையாது. வாத்தியம் கிடையாது. ராகம், தாளம், பல்லவி, சரணம் ஒரு மண்ணும் கிடையாது. கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே பொழுது விடிகிறது. அவ்வளவுதான் கதை.

'இதுக்கா ஒரு பக்கம்?' என்று நீங்கள் அடுத்த பக்கத்துக்குப் புரட்டுவதற்குள் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நானும் முதல் தடவை ஆறாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போனவன்தான். யாரோ நடக்கிறார்கள், எங்கேயோ சேவல் கூவுகிறது, தண்ணீர் சளக் சளக் என்கிறது. இதைக் கேட்கக் காசு கொடுத்துத் தட்டு வாங்குவார்களா என்ன? எங்கள் மொட்டை மாடியில் போய் நின்றால் இதைவிட நாலு சத்தம் கூடவே கேட்குமே என்று நினைத்தேன்.

அப்புறம் ஒரு ராத்திரி கரண்ட் போனது. ஃபேன் இல்லை, ஏசி இல்லை, பக்கத்து வீட்டு டி.வி. இல்லை. தூக்கம் வராமல் அதையே மறுபடி காதில் மாட்டிக்கொண்டேன். இந்தத் தடவை முழுசாகக் கேட்டேன். முடிந்ததும் இன்னொரு தடவை கேட்டேன்.

தட்டின் பெயர் 'ப்ரெஸ்க் ரியான்'. பிரெஞ்சில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்று பொருள். செய்தவர் லுக் ஃபெராரி. பெயரைப் பார்த்ததும் சிவப்பு காரை நினைத்துக்கொள்ள வேண்டாம். இவர் பாரீஸில் 1929இல் பிறந்து 2005இல் காலமான இசையமைப்பாளர். 60களின் பின்பாதியில் அன்றைய யூகோஸ்லாவியாவுக்கு, இன்றைய கணக்குக்குக் குரோஷியாவுக்கு, போயிருக்கிறார். அட்ரியாட்டிக் கடலில் கோர்ச்சுலா என்றொரு தீவு. அதில் வேலா லூக்கா என்கிற மீனவ ஊர். தங்கியிருந்த அறையின் ஜன்னல் ஒரு குட்டித் துறைமுகத்தைப் பார்த்தாற்போல் இருந்தது. மனிதர் என்ன செய்தார்? ஜன்னலில் மைக்கை வைத்தார். விடியற்காலை மூன்று, நாலு மணிக்கு எழுந்து ஆறு மணி வரை பதிவு செய்தார். ஒருநாள் இல்லை. தினமும் அதே நேரம், அதே ஜன்னல்.

ஊருக்குத் திரும்பி அத்தனை மணி நேரத்தையும் 21 நிமிடமாகச் சுருக்கினார். 1970இல் டாயிச் கிராமஃபோன் நிறுவனம் அதைத் தட்டாக வெளியிட்டது. பீத்தோவனையும் மொஸார்ட்டையும் போடுகிற கம்பெனி கழுதை கத்துவதையும் போட்டது என்பதை இங்கே குறித்துக்கொள்ளவும்.

இதில் என்ன பெரிய சாதனை என்று கேட்பீர்கள். அதற்குக் கொஞ்சம் பின்கதை வேண்டும்.

அன்றாடச் சத்தத்தைப் பிடித்து வைக்கும் ஆசை ஃபெராரிக்கு முன்னாலேயே பலருக்கு வந்திருக்கிறது. 1930இல் ஜெர்மனியில் வால்ட்டர் ருட்மன் என்கிற சினிமாக்காரர் 'வீக் எண்ட்' என்று 11 நிமிடச் சொச்சத்துக்கு ஒரு படம் எடுத்தார். படம் என்றால் படமே இல்லாத படம். ஒலி மட்டும். நாடாவில் பதிவு செய்யும் வசதி அன்றைக்குப் புழக்கத்துக்கு வரவில்லை. பேசும்படச் சுருளில் ஒலியை மட்டும் பதிந்து, கத்திரியால் வெட்டி வெட்டி ஒட்டினார். டைப்ரைட்டர், தொலைபேசி, கல்லாப்பெட்டி, ரம்பம், சர்ச் மணி என்று பெர்லின்காரர்களின் சனி, ஞாயிறும் மறுபடி திங்கட்கிழமை வேலைக்குப் போவதும். அந்த வருஷம் ஜூன் 13 அன்று வானொலியில் ஒலிபரப்பானது. இன்றைக்குக் கேட்டாலும் அதன் வேகம் ஆச்சரியப்படுத்தும். நம் ஊர் சினிமா டிரெய்லர்கள் தோற்றுப்போகும். ஆனால் அந்த வேகம்தான் குறையும். எந்தச் சத்தமும் இரண்டு விநாடி நிற்பதில்லை. ரம்பம் அறுக்கிறது என்று நீங்கள் தெரிந்துகொள்வதற்குள் மணி அடித்துவிடுகிறது. எடிட்டரின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமையின் சோம்பல் தெரிவதில்லை.

1948இல் பாரீஸ் வானொலியில் எஞ்சினியராக இருந்த பியர் ஷெஃபர், பாத்தின்யோல் ரயில் நிலையத்தில் எஞ்சின் சத்தங்களைப் பதிந்து, அவற்றை வைத்தே ஓர் இசைத் துண்டு செய்தார். அவருடைய சித்தாந்தம் கொஞ்சம் விசித்திரமானது. சத்தம் எதிலிருந்து வருகிறது என்பதை மறந்துவிட வேண்டும். ரயிலை மறந்து, சத்தத்தின் உருவத்தை மட்டும் கேட்க வேண்டும். பழகினால் முடியும் என்பார். எனக்கு முடியவில்லை. ரயில் என்றால் எனக்கு ரயில்தான். கூடவே ஒரு வடை வாசனையும் வரும்.

ஃபெராரி இந்த ஷெஃபரின் சகா. 1958இல் ஷெஃபரோடு சேர்ந்து பாரீஸில் ஓர் இசை ஆய்வுக் குழுவை ஏற்படுத்தியவர்களில் ஒருவர். அப்படிப்பட்ட கூடாரத்திலிருந்து வந்தவர் நேர் எதிராக ஒன்றைச் செய்தார். கழுதை கழுதையாகவே கேட்கட்டும், வண்டி வண்டியாகவே கேட்கட்டும் என்று விட்டுவிட்டார். குழு நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினபோது அவர்கள் முகமெல்லாம் கல்லாகிவிட்டதாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். இது இசையே இல்லை என்று விட்டார்களாம். என்னைப் போலவே ஆறாவது நிமிடத்தில் எழுந்து போனவர்களாக இருக்க வேண்டும்.

நிற்க. 'அப்படியே விட்டுவிட்டார்' என்று சொன்னேன். அது முழு உண்மை இல்லை. இங்கேதான் விஷயமே இருக்கிறது.

அத்தனை மணி நேரக் காலையை 21 நிமிடம் ஆக்க வேண்டுமென்றால் பிளேடு எடுத்தாக வேண்டும். எதை வெட்டுவது, எதை வைத்துக்கொள்வது? ஃபெராரி கைக்கொண்ட விதி ரொம்ப எளிமையானது. தினமும் திரும்பத் திரும்ப வருகிற சத்தங்களை வைத்துக்கொண்டார். முதலில் சைக்கிளில் போகும் மீனவர். முதல் கோழி. முதல் கழுதை. ஆறு மணிக்குப் படகில் வருபவர்களை அழைத்துவரக் கிளம்பும் லாரி. ஊர் தன் பாட்டுக்குப் போட்டு வைத்திருந்த டைம்டேபிள் அது. அதைக் கண்டுபிடிக்கத்தான் அத்தனை விடியற்காலைகள் தேவைப்பட்டன. ஒரே ஒருநாள் போய் மைக் வைத்திருந்தால் எது வழக்கம், எது தற்செயல் என்று எப்படித் தெரியும்?

பி.காம். படித்த எனக்கு இது பட்டென்று புரிந்தது. ஒரு கம்பெனியின் யோக்கியதை தீபாவளி மாசத்துக் கணக்கில் தெரியாதுடா, மாசாமாசம் தவறாமல் விழுகிற எழுத்தைப் பாரு என்று எங்கள் கணக்கு வாத்தியார் சொல்வார். வாடகை, சம்பளம், கரண்ட் பில். சுவாரசியமே இல்லாத அந்த வரிகளில்தான் கம்பெனி உயிரோடு இருக்கிறது. ஃபெராரி ஒரு ஊரின் பேரேட்டிலிருந்து அந்த வரிகளை மட்டும் எடுத்து எழுதியிருக்கிறார்.

பத்திரிகைக்காரன் என்கிற முறையில் ஒரு குறுகுறுப்பும் வந்தது. இருபது வருஷமாக நான் செய்வது நேர் எதிரான வேலை. தினமும் ஓடுகிற பஸ் எனக்குச் செய்தி கிடையாது. ஓடாமல் நின்றால்தான் செய்தி. ஓர் ஊரைப் பற்றி நாங்கள் எழுதி வைத்திருப்பதையெல்லாம் நூறு வருஷம் கழித்து ஒருவன் படித்தால், அங்கே தினமும் விபத்தும் ஊர்வலமும் வெள்ளமுமாகவே இருந்ததென்று நினைப்பான். காலையில் எத்தனை மணிக்குப் பால் வரும் என்று எந்தச் செய்தியிலும் இருக்காது.

'சாதாரணம்' என்பதைப் பதிவு செய்கிறேன் என்று கிளம்பிய பெரிய மனிதர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1977இல் நாசா அனுப்பிய இரண்டு வாயேஜர் விண்கலங்களிலும் தங்க முலாம் பூசின ஒரு தட்டு இருக்கிறது. வேற்றுக்கிரகவாசி கேட்டுத் தெரிந்துகொள்வதற்காக. கார்ல் சேகன் தலைமையில் செய்தது. (55 மொழிகளில் வணக்கம் சொல்கிறார்கள். தெலுங்கு இருக்கிறது, கன்னடம் இருக்கிறது, தமிழ் இல்லை. அந்தப் பஞ்சாயத்தை இன்னொரு வாரம் வைத்துக்கொள்வோம்.) அதில் பூமியின் சத்தங்கள் என்று ஒரு 12 நிமிடம். எரிமலை, மழை, பறவை, காலடி, இதயத்துடிப்பு, சிரிப்பு, நாய், டிராக்டர், ரயில், ஒரு முத்தம், குழந்தையோடு ஓர் அம்மா, ராக்கெட். பரிணாம வரிசையில் அழகாக அடுக்கியிருக்கிறார்கள். நோக்கம் உயர்ந்ததுதான், சந்தேகமே இல்லை. ஆனால் கேட்டுப் பாருங்கள். ஸ்டாக் லிஸ்ட் வாசிக்கிற மாதிரி இருக்கும். நாய் ஒன்று, ரயில் ஒன்று, முத்தம் ஒன்று. அந்த நாய் யார் வீட்டு வாசலில் குரைத்தது, ரயில் போகும்போது அந்தக் குழந்தை எங்கே இருந்தது, எதுவும் தெரியாது. அதையெல்லாம் ஒட்டிவைக்கிற பசை அதில் இல்லை. அந்தப் பசைக்குப் பெயர் ஒரு காலைப்பொழுது. ஃபெராரியிடம் அது இருக்கிறது. மோட்டார் சத்தம் வரும்போது அதற்குப் பின்னால் தண்ணீரும் இருக்கிறது, பேச்சும் இருக்கிறது. ஒன்று இன்னொன்றின் மேல் ஏறி, இறங்கி, விலகிப் போகிறது. நீங்கள் ஒரு இடத்தில் நிற்கிறீர்கள். உங்களைச் சுற்றி ஓர் ஊர் எழுந்திருக்கிறது.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. இரண்டு சொல்கிறேன்.

ஒன்று, அந்த சில்வண்டு. பிற்பாதியில் சில்வண்டுச் சத்தம் மெல்லக் கிளம்பி, ஏறி, ஏறி, கடைசியில் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. காது கூசும். அப்புறம் படக்கென்று வெட்டு. முடிந்தது. அத்தனை நேரம் கையைக் கட்டிக்கொண்டிருந்த சங்கீதக்காரர், கச்சேரி முடிவில் ஒரு தனி ஆவர்த்தனம் இல்லாவிட்டால் எப்படி என்று எழுந்துவிட்டார். வெயில் ஏறுவதைச் சொல்கிறார் என்று வாதாடுபவர்கள் உண்டு. எனக்கென்னவோ முதல் 15 நிமிடத்தின் அடக்கம்தான் பிடித்திருக்கிறது.

இரண்டாவது கொஞ்சம் சங்கடமானது. ஜன்னலுக்குக் கீழே பேசிக்கொண்டு போகிறவர்களுக்கு மேலே ஒரு மைக் இருப்பது தெரியாது. எனக்கு அவர்கள் பாஷை தெரியாததால் அது இனிமையாக, பறவைச் சத்தம் மாதிரி இருக்கிறது. அந்த ஊர்க்காரர் ஒருவர் கேட்டால்? இது என் தாத்தா குரலாயிற்றே, இந்த ஆள் கொடுக்க வேண்டிய பாக்கியைப் பற்றியல்லவா பேசுகிறார் என்று தோன்றலாம். நமக்கு ஓசை, அவர்களுக்குக் குடும்ப விஷயம். வெளியூரிலிருந்து வந்து நின்று பதிவு செய்யும் யாரும் இந்தச் சிக்கலிலிருந்து தப்ப முடியாது. ஃபெராரிக்கே உறுத்தியதோ என்னவோ, 1977இல் செய்த 'ப்ரெஸ்க் ரியான்' இரண்டாம் பாகத்தில், தானே ராத்திரியில் நடந்துகொண்டு கிசுகிசுவென்று மைக்கில் பேசுகிறார். ஒளிந்திருந்தவர் வெளியே வந்துவிட்டார்.

கேட்டால் போதுமா, செய்து பார்க்க வேண்டாமா? செய்தேன். எங்கள் அபார்ட்மெண்ட் பால்கனியில் ஒரு வாரம் விடியற்காலை போனை வைத்தேன். முதல் நாள் பதிவில் பெரும்பகுதி கரகரவென்று ஏதோ லாரி. 'அது லாரி இல்லை, நீங்க விட்ட குறட்டை' என்றார் வீட்டம்மா. கதவைச் சாத்திவிட்டு மறுநாள் வைத்தேன். ஐந்தாம் நாள் வாக்கில் டைம்டேபிள் பிடிபட்டது. மோட்டார் போடுகிற வாட்ச்மேன், பால் பாக்கெட் டப்பென்று விழுவது, மூன்றாம் மாடியில் மிக்ஸி, ஒரு ஸ்கூட்டர் நாலாவது உதையில் கிளம்புவது. பத்து வருஷமாக இருக்கிறேன். அந்த ஸ்கூட்டர் தினமும் நாலாவது உதையில்தான் கிளம்புகிறது என்பது இப்போதுதான் தெரியும்.

ஒன்றைக் கவனித்தேன். போனில் யாரோடாவது பேசும்போது, நம் குரலைத் தவிர மற்றதையெல்லாம் இரைச்சல் என்று முடிவுகட்டி வடிகட்டுகிற ஏற்பாடு இப்போது உள்ளேயே இருக்கிறது. ஃபேன், ஹாரன், குக்கர் விசில் எல்லாம் போய்விடும். நல்ல வசதிதான். பேங்க்கோடு பேசும்போது குக்கர் விசில் எதற்கு? ஆனால் அந்த வடிகட்டி என்ன செய்கிறதென்று யோசித்தபோது எனக்கு எங்கப்பா ஞாபகம் வந்தது.

1988இல் மாயவரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். சிங்கப்பூரிலிருந்து மாமா ஒரு டூ இன் ஒன் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆறு வயசுத் தங்கையைப் பாட வைத்துப் பதிவு செய்வதென்று அப்பா தீர்மானித்தார். ஜன்னல் சாத்தப்பட்டது. எனக்கு வாயைத் திறக்கக் கூடாதென்று உத்தரவு. அம்மாவுக்கு அடுப்படிக்குப் போகத் தடை. இரண்டு பட்டன்களை ஒன்றாக அமுக்கினார். தங்கை பாடினாள். எங்கள் வீட்டில் சுமார் முப்பது வருஷம் அந்த கேசட் பீரோவில் இருந்தது.

அப்பா 2011இல் போய்விட்டார். சமீபத்தில் அந்த கேசட்டை ஒரு கடையில் கொடுத்து போனில் கேட்கிற மாதிரி மாற்றி வாங்கி, அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். தங்கையின் பாட்டு, எப்படிச் சொல்ல, ஆறு வயசுக்கு மோசமில்லை. அம்மா அதைக் கவனிக்கவே இல்லை.

"இரு இரு. கொஞ்சம் பின்னால போ."

போனேன். கீஈச், கீஈச் என்று பின்னால் மெல்லியதாக ஒன்று. நாடா தேய்ந்த சத்தம் என்று நினைத்திருந்தேன்.

"இது நம்ம கிணத்து ராட்டினம்டா."

"யாரும்மா தண்ணி இறைக்கிறா?"

"பின்கட்டு அத்தை. அவங்கதான் ரெண்டு இழுப்பு இழுத்துட்டு நிறுத்துவாங்க. முட்டிவலி."

மறுபடி கேட்டேன். ஆமாம். இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம். அதற்கு நடுவில், பாட்டு ஆரம்பிக்கும் முன்னால், அடிக்குரலில் அப்பா: "சித்த நேரம் அந்த ராட்டினத்தை நிறுத்தச் சொல்லு."

அந்த கேசட்டில் மட்டுமில்லை, எங்களிடம் இருக்கிற எதிலுமே அப்பாவின் குரல் அந்த ஒரு வரிதான். கல்யாண வீடியோக்களில் எல்லாம் தூரத்தில் பந்தியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மேலே நாதஸ்வரம் போட்டு ரொப்பியிருப்பார்கள்.

"நீ போய்ச் சொன்னியாம்மா?"

"எப்படிடா சொல்றது? தண்ணி இறைக்கறவங்களைப் போய், என் பொண்ணு பாடுறா, நிறுத்துங்கன்னா? சும்மா வாசப்படி வரைக்கும் போயிட்டு வந்துட்டேன்."

ஃபெராரி அத்தனை விடியற்காலைகள் எழுந்து கண்டுபிடித்த கலையை எங்கம்மா வாசப்படி வரைக்கும் போய்த் திரும்பியதில் செய்து முடித்திருக்கிறாள். யாரையும் நிறுத்தச் சொல்லவில்லை. அந்தக் கிணற்றை மூடி, மேலே கார் ஷெட் கட்டி ரொம்ப வருஷம் ஆகிறது. பின்கட்டு அத்தையும் இல்லை.

உங்கள் வீட்டிலும் ஒருநாள் போனை ஓர் ஓரமாக வைத்துப் பாருங்கள். பண்டிகை நாள் வேண்டாம். சாதாரணச் செவ்வாய்க்கிழமை, காலை ஒரு அரைமணி. யாரையும் பேசச் சொல்லாதீர்கள், பேசாமல் இருக்கவும் சொல்லாதீர்கள். ஆனால் வைத்திருக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். அது மரியாதை. முதல் அஞ்சு நிமிடம் எல்லோரும் ரேடியோ நாடகம் மாதிரி பேசுவார்கள். அப்புறம் தோசைக்கு நேரமாகும், மறந்துவிடுவார்கள்.

நிற்க. மாற்றி வாங்கிய பாட்டைத் தங்கைக்கும் அனுப்பினேன். ராத்திரியே போன் பண்ணினாள்.

"நல்லாத்தான் இருக்குண்ணா. ஆனா நடுவுல என்னமோ கீச்சுக் கீச்சுன்னு வருதே, அதை எடுத்துட்டு அனுப்ப முடியாதா?"

இப்போது அதற்கெல்லாம் வசதி இருக்கிறது. ஒரு நிமிட வேலை.

முடியாது என்று சொல்லிவிட்டேன்.